பை வாங்கியவர்களும் பை விற்றவர்களும்
(எர்னஸ்ட் லூபிட்சின் கலைத் திருப்பம்: ஓர் ஆய்வு)

முன்னுரை

மக்களைச் சிரிக்க வைக்கும் கலைஞனுக்கு ஒரு தொல்லை உண்டு. அவனிடம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல ஆழமான செய்தி இருக்கும் என்று உலகம் எளிதில் நம்புவதில்லை. நாளடைவில் அவனும் சிரிப்பைக் கைவிட்டால்தான் தனக்குப் பெருமை என்று எண்ணத் தொடங்குகிறான். அவ்வாறு எண்ணித் தடுமாறிய கலைஞர் பலர். சிரிப்பைக் கைவிடாமலே தன் வாழ்வின் உண்மைக்கு வந்து சேர்ந்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் திரைப்பட இயக்குநர் எர்னஸ்ட் லூபிட்ச். அவருடைய திருப்பத்தை அவருடைய இரண்டு படங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடையிலிருந்து அரண்மனைக்கு

லூபிட்ச் 1892-இல் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தையற்கலைஞர், பெண்களுக்கான ஆடைக் கடை நடத்தியவர். பகலில் தந்தையின் கடையில் கணக்கு எழுதுவது, இரவில் மேடையேறி நடிப்பது என்று லூபிட்சின் இளமை கழிந்தது. 1911-இல் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னர்த் திரைக்கு வந்து, 1916-இல் ‘ஷூபலாஸ்ட் பிங்கஸ்’ என்ற ஊமைப் படத்தில் செருப்புக் கடைப் பையனாகத் தாமே நடித்து, தாமே இயக்கவும் செய்தார்.

1922-இல் அமெரிக்கா சென்ற பிறகு அவர் படங்களில் கடைகள் மறைந்தன. அரண்மனைகளும் ஆடம்பர விடுதிகளும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அரசகுமாரர், சீமாட்டிகள், நாகரிகத் திருடர்கள் ஆகியோரின் காதல் விளையாட்டுகளே கதைப் பொருளாயின. சொல்லாமற் சொல்லும் நயத்தில் அவர் வல்லவர். மூடிய கதவு ஒன்றைக் காட்டியே, அதன் பின்னால் நடப்பதை ஊகித்து நம்மை நகைக்க வைப்பார். இதனை ‘லூபிட்சின் கைவண்ணம்’ என்று திறனாய்வாளர் பாராட்டினர்.

1932-இல் வந்த ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ இவ்வகைப் படங்களுள் தலையாயது. திருடன் ஒருவனும் திருடி ஒருத்தியும் ஒன்றாக அமர்ந்து உணவருந்துகின்றனர். ஒருவர் பொருளை ஒருவர் களவாடுகின்றனர். அக்களவே அவர்களுக்குக் காதலாகிறது! இதே படத்தில், வாசனைப் பொருள் நிறுவனத்தின் உரிமையாளரான சீமாட்டி ஒருத்தி 1,25,000 பிராங்க் கொடுத்து ஒரு கைப்பை வாங்குகிறாள். அந்தப் பை தொலைவதிலிருந்து கதை சூடு பிடிக்கிறது. அந்தப் பையை விற்ற கடைக்காரனின் கூலி என்ன, குடும்பம் எப்படி என்று படம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றுவதில்லை.

சிரிப்பை விட்டுப் பார்த்த முயற்சி

அதே 1932-இல் அவர் ‘புரோக்கன் லல்லபி’ என்ற படத்தையும் வெளியிட்டார். முதல் உலகப் போரில் தான் கொன்ற செருமானிய வீரனின் வீட்டைத் தேடிச் செல்லும் பிரெஞ்சுக்காரனின் கதை அது. நகைச்சுவையை ஏறத்தாழ ஒதுக்கி வைத்து எடுத்த படம். நோக்கம் உயர்ந்தது, ஆயினும் மக்கள் ஆதரவு கிட்டவில்லை. லூபிட்ச் மீண்டும் அரண்மனைக்கே திரும்பினார். சிரிப்பை விட்டு விலகுவது அவருக்கு வழியாகவில்லை என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

மீண்டும் கடைக்கு

1940-இல் வெளிவந்தது ‘தெருமுனைக் கடை’ என்று பொருள்படும் ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’. அங்கேரிய எழுத்தாளர் மிக்லோஷ் லாஸ்லோவின் நாடகத்தைத் தழுவி, சாம்சன் ரபேல்சன் திரைக்கதை எழுதினார். கதை நிகழும் இடம் புடாபெஸ்ட் நகரில் ஒரு தோல் பொருட்கடை. அங்கே பை வாங்குவோர் வந்து போகின்றனர். பை விற்போரே கதை மாந்தர்.

தலைமை விற்பனையாளன் கிராலிக். வேலை கேட்டு வந்து, விற்பனையாகாது என்று கிராலிக் கருதிய இசைப்பெட்டி ஒன்றைத் தன் பேச்சுத் திறத்தால் விற்றுக் காட்டி இடம் பிடிப்பவள் கிளாரா. இருவருக்கும் கடையில் ஓயாத சண்டை. ஆனால் முகம் அறியாத நண்பர் ஒருவருக்கு இருவரும் உருகி உருகிக் கடிதம் எழுதுகின்றனர். அந்த நண்பர் யார்? அவளுக்கு அவன்; அவனுக்கு அவள்!

கருவை மட்டும் பார்த்தால் இது பழைய ஆள்மாறாட்ட நகைச்சுவையே. ஆனால் லூபிட்ச் இதனைப் பிழைப்போடு பிணைக்கிறார். மணம் புரிய நினைக்கும் கிராலிக், குடும்பம் நடத்த என்ன செலவாகும் என்று மூத்த ஊழியர் பிரோவிச்சிடம் கேட்கிறான். எத்தனை அறை வேண்டும், விருந்தினர் வந்தால் என் செய்வது என்று அவர்கள் போடும் கணக்கில் நாம் சிரிக்கிறோம். ஆனால் அது பொய்க் கணக்கன்று. முதலாளி கருத்துக் கேட்கும் போதெல்லாம் பிரோவிச் நழுவி ஓடி ஒளிவதும் சிரிப்பே. குடும்பத்தைக் காக்க வேண்டியவரின் அச்சமும் அதுவே.

கடிதத் தோழியை முதன்முதலாகச் சந்திக்க வேண்டிய நாளிலேயே கிராலிக் வேலை நீக்கம் செய்யப்படுகிறான். தன் மனைவியோடு அவனுக்குத் தொடர்பு என்று முதலாளி மட்டுஷெக் தவறாக ஐயுறுகிறார். வேலையிழந்தவன் எந்த முகத்தோடு காதலியைப் பார்ப்பான்? காதலுக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு நேராகச் சொன்ன காதற்படங்கள் குறைவு. உண்மை அறிந்த முதலாளி தற்கொலைக்கு முயல்கிறார். கடையின் எடுபிடிப் பையனே அவரைக் காப்பாற்றுகிறான்.

கதவு அதே, பொருள் வேறு

லூபிட்சின் பழைய கைவண்ணம் என்னவாயிற்று? மறையவில்லை, பணி மாறிற்று. கிளாரா கடிதம் தேடி அஞ்சல் நிலையம் செல்லும் காட்சியை நோக்குக. படக்கருவி அஞ்சற் பெட்டிகளின் பின்புறம் நிற்கிறது. ஒரு சிறு கதவு திறக்கிறது. உறையணிந்த கை உள்ளே வந்து துழாவுகிறது. ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சதுரத்தில் வாடிய முகம் தெரிகிறது. முன்னர் மூடிய கதவால் குறும்பைச் சொன்னவர், இங்கே திறந்த கதவால் தனிமையைச் சொல்கிறார்.

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும் பேதைமையையும் வெவ்வேறாக வைத்தது தொல்காப்பியம். அவ்வளவுகோலால் அளந்தால், முந்தைய படத்தில் மேலோங்கி நிற்பது எள்ளல். பிந்தைய படத்தில் பேதைமை. எள்ளலில் நாம் மாந்தருக்கு வெளியே நின்று சிரிக்கிறோம். அருகில் நிற்பவளை அறியாது தொலைவில் இருப்பவளுக்கு ஏங்குபவனைக் கண்டு சிரிக்கும்போதோ, நம்மையும் சேர்த்தே சிரிக்கிறோம்.

திருப்பத்தின் காரணம்

இத்திருப்பத்தின் வேர் அவருடைய தந்தையின் கடையில் இருப்பதாகக் கொள்ளலாம். முதலாளியின் முகக்குறி பார்த்து நடக்கும் ஊழியர், பண்டிகைக் கால விற்பனை ஆகியவை அவர் அறியாத உலகமன்று. அவ்வுலகம் அப்போது அழிந்து கொண்டிருந்தது. 1935-இல் நாஜி அரசு அவருடைய செருமானியக் குடியுரிமையைப் பறித்தது. 1938-இல் அங்கேரியிலும் யூதருக்கு எதிரான சட்டம் வந்தது. படம் வெளிவந்தபோது ஐரோப்பா போரில் மூழ்கியிருந்தது. படத்தில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அந்தச் சிறிய கடையை அவர் காட்டும் பரிவில், இழந்த ஒன்றைப் பேணும் அக்கறை தெரிகிறது.

1947 நவம்பரில் லூபிட்ச் மறைந்தார். அதே ஆண்டு ஹெர்மன் வைன்பர்க் என்ற திரை ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தில், நடை நயத்துக்கு ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ படத்தையும், மனித இயல்பு சார்ந்த நகைச்சுவைக்குத் ‘தெருமுனைக் கடை’யையும் தம் சிறந்த படைப்புகளாகக் குறிப்பிட்டார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் தள்ளவில்லை.

முடிவுரை

காதற்கதைக்கு உண்மைத் தன்மை தருவது கண்ணீர் அன்று. காதலர் எதைக் கொண்டு பிழைக்கின்றனர் என்ற கேள்வியே. அதைக் கேட்பதற்குச் சிரிப்பை விட வேண்டியதில்லை என்பதே லூபிட்ச் தரும் பாடம். ஆண்டு மலர்களுக்குக் காதற்கதை எழுதும் நம் மாணவ நண்பர்கள், தம் கதைத்தலைவன் மாதச் சம்பளம் எவ்வளவு வாங்குகிறான் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். விடை கிடைத்துவிட்டால், கதையில் பாதி எழுதி முடிந்தது எனலாம்.