அடைமழை மாலைக்கு ஓர் அறை

பருவம்: ஐப்பசி, கார்த்திகை (அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை)
யாருக்கு: சென்னையிலிருந்து நாகை வரையுள்ள கடலோரத்தாருக்கும் டெல்டாக்காரர்களுக்கும். மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு.

ஜூன் கடைசியில் சென்னையில் பொழுது சாய மாலை 6.38 ஆகிறது. நவம்பர் நடுவிலோ 5.40-க்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. மூட்டம் போட்ட நாளில் ஐந்து மணிக்கே விளக்குப் போடவேண்டியிருக்கும். கோடையைவிட இப்போது வீட்டுக்குள் கழியும் மாலை ஒரு மணி நேரம் நீளம். நனைந்து வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டு நிம்மதியாகச் சாய ஓர் இடம் வேண்டும். அதற்காகப் புதுசாக சோபா வாங்கவும் வேண்டாம், பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். ஈரத்தை வெளியே தள்ளுங்கள், வெளிச்சத்தைத் தணியுங்கள், தரையை மூடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. ஓதம் ஏறிய அறையில் எத்தனை மெத்தை போட்டாலும் பத்து நிமிடம் உட்கார முடியாது.

முதலில் ஈரம்

ஒரு கார்த்திகையில் எங்கள் கூடத்தில் இனம் தெரியாத ஒரு வாடை. தினமும் ஊதுபத்தி ஏற்றி அதை மறைத்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து ஏதோ உருண்டு ஓடிவிட்டதென்று மர அலமாரியை நகர்த்தினேன். அதன் முதுகுப் பலகை முழுக்கச் சாம்பல் பூத்த பச்சையில் பூசணம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாதபடி ஒட்டிப் போட்டிருந்தோம். காற்றே போகாத அந்த இடுக்கு, பூசணத்துக்குத் தோதாகப் போயிற்று.

இந்த வாரமே செய்யவேண்டியவை:

1. அலமாரி, கட்டில், சோபா எல்லாவற்றையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை இழுத்துப் போடுங்கள். இந்தப் பருவத்துச் சாரல் வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும்தான் அதிகம் அடிக்கும். உட்காரும் இடத்தை அந்தச் சுவர்களை ஒட்டி வைக்காதீர்கள்.

2. மாலையில் உட்காரும் அறையில் துணிக்கொடி கட்டாதீர்கள். பிழிந்த துணியில் மிச்சமிருக்கும் தண்ணீரெல்லாம் அந்த அறையின் காற்றில்தான் போய்ச் சேரும். வேறு இடமே இல்லையென்றால் ஃபேனைப் போட்டு, ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துப் பகலிலேயே காயவிட்டு எடுத்துவிடுங்கள்.

3. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து கால் மணி நேரம் காற்றோட விடுங்கள். மழை கொட்டும்போது திறந்து வைப்பதில் பயனில்லை. ஏசி இருந்தால் 'டிரை' என்ற அமைப்பில் ஒரு மணி நேரம் ஓடட்டும்.

4. பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். தூளாகப் பறந்து மூச்சில் ஏறும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு ஈரம் போக ஒற்றி எடுங்கள். ப்ளீச்சிங் கரைசலோடு வினிகரை ஒருபோதும் கலக்கவேண்டாம், நச்சு வாயு கிளம்பும்.

ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு வைப்பது மூடிய அலமாரிக்குள் ஓரளவு உதவும். அறை முழுவதற்கும் அது போதாது.

அடுத்து வெளிச்சம்

பெரும்பாலான வீடுகளில் கூடத்து விளக்கு 6500 கெல்வின். பல்புப் பெட்டியின் பக்கவாட்டில் பார்த்தால் இந்த எண் இருக்கும். நடுப்பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை அது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதவும் அரிசியில் கல் பார்க்கவும் அதுதான் சரி. ஆனால் அதில் உள்ள நீல ஒளி, தூக்கத்தைக் கூப்பிடும் மெலட்டோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். இரவு ஏழு மணிக்குப் பிறகு 2700 அல்லது 3000 கெல்வின் விளக்குப் போதும். கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள். 9 வாட் எல்இடி ஒன்று, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும்.

விளக்கு இருக்கும் உயரமும் முக்கியம். உச்சியிலிருந்து கொட்டும் வெளிச்சத்தில் எல்லார் முகத்திலும் களைப்புத் தெரியும். உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு வரும்படி ஒரு மேசை விளக்கை மூலையில் வைத்து, அதன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்புங்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வரட்டும்.

இதில் இன்னொரு லாபம் ஈசல். நல்ல மழைக்கு மறுநாள் அந்தியில் ட்யூப்லைட்டைச் சுற்றி மொய்க்கத் தொடங்கி, அரை மணியில் தரை முழுக்க இறகாக உதிர்த்துவிடும். சோற்றில் விழும், சட்டைக்குள் ஊரும். வெள்ளை வெளிச்சத்துக்கு வரும் அளவு மஞ்சளுக்குப் பூச்சிகள் வருவதில்லை. மீறி வந்துவிட்டால் உள்விளக்குகளை அணைத்து, வாசல் விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அதன் கீழே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வையுங்கள். கூட்டம் அங்கே போய்விடும். விடிந்ததும் தாம்பாளத்தைக் கொட்டிக் கவிழ்க்க மறக்கவேண்டாம்.

மூன்றாவது தரை

மொசைக்கும் கிரானைட்டும் கோடையில் வரம்; கார்த்திகையில் உள்ளங்காலைச் சில்லிட வைக்கும். பவானி ஜமக்காளம் ஒன்று இருந்தால் இப்போதுதான் அதை இறக்கவேண்டிய நேரம். தடித்த பருத்தி என்பதால் குளிர் ஏறாது. நனைந்தால் காய மூன்று நாள் ஆகும் என்பதும் அதே காரணத்தால்தான். ஆகவே வாசலில் ஒரு சாக்கு, உள்ளே ஒரு கால்மிதி, அதற்கப்புறம்தான் ஜமக்காளம். பத்தமடைப் பாயோ சாதாரணக் கோரைப்பாயோ விரிப்பதானால் இரவில் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள். விரித்தபடியே விட்டால் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிடும்.

சுவரோரம் இரண்டு திண்டு, மடித்த பழைய பருத்திப் புடவை ஒன்று, கைக்கு எட்டும் தூரத்தில் சுக்குமல்லிக் காபி வைக்க ஒரு முக்காலி. இதற்கு மேல் சாமான் சேர்த்தால் இடுக்குகள் கூடும், கூடவே பூசணமும் கூடும்.

கொசு, புகை, கரி

அழகுக்காகக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்த மணிபிளான்ட், தொட்டிச் செடியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மூன்றும் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், மூன்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது. அந்திக்கு முந்தைய நேரத்தில் அதன் கடி அதிகம். அதனால் ஜன்னல் வலையை நாலரை மணிக்கே சாத்துங்கள்.

மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சாம்பிராணி பிடிக்கும் என்றால் ஜன்னல்கள் திறந்திருக்கும்போதே போட்டு, புகை போனபின் சாத்துங்கள், வாசனை தங்கும்.

உதகை, கொடைக்கானல் வாசகர்களுக்கு: குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், நெருப்பு அணைந்ததுபோல் தெரிந்தாலும்கூட. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழமாட்டார்.

மின்சாரம்

ஓதம் ஏறிய சுவரில் இருக்கும் ஸ்விட்ச் லேசாகச் சுர்ரென்றாலும் அதைத் தொடாமல் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் 'டெஸ்ட்' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சட்டென்று விழவேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கவேண்டாம். கரன்ட் போகும் இரவுக்கு எமர்ஜென்சி விளக்கை இன்றே சார்ஜ் போடுங்கள். மெழுகுவத்தி ஏற்றினால் திரைச்சீலையிலிருந்து தள்ளி, ஒரு தட்டின் நடுவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

எல்லாம் முடிந்த அன்று ஆறு மணிக்கு ட்யூப்லைட்டை அணைத்து, செருப்பில்லாமல் அந்த அறையில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மூக்குக்கு வாடை தட்டினால் ஈர வேலை பாக்கி. கண் கூசினால் விளக்கை இன்னும் இறக்கவேண்டும். கால் சில்லிட்டால் விரிப்புப் போதவில்லை. மூன்றும் சும்மா இருந்தால் வெளியே பெய்கிற மழை காதில் விழும். அப்புறம் அந்த அறையில் எதையும் நகர்த்தாதீர்கள்.