ருசியை விடாமல் நலமாகச் சாப்பிடுவோம்

கெலாங் பாத்தா வட்டார மூத்தோருக்கான உணவுப் பாடம்

நன்றாகச் சாப்பிட ஆசைப்படுவதில் தவறு ஒன்றும் இல்லை. மீன் கறி கொதிக்கும் மணத்துக்கு நாவில் நீர் ஊறுவதும், பேரப்பிள்ளைகளுக்குச் சுட்ட முறுக்கில் ஒன்றை நாமும் கடித்துப் பார்ப்பதும் வாழ்க்கையின் சின்னச் சின்ன இன்பங்கள். ஆனால் இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று கிளினிக் அட்டையில் எழுதிவிட்டால், "இனிமேல் எதையும் சாப்பிடக் கூடாதோ?" என்ற கவலை வந்துவிடுகிறது.

பிடித்த உணவை அடியோடு விட வேண்டியதில்லை. மூன்றை மட்டும் மாற்றுவோம்: உணவின் அளவு, தட்டில் அதோடு சேரும் துணை, அதைச் சமைத்து வைக்கும் முறை.

ஏன் இப்போது கவனிக்க வேண்டும்?

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! நாடு முழுவதும் இனிப்பு நீர் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்பு ஆகியவை மெல்ல மெல்லப் பாதிக்கப்படும்.

இதற்கு ஒரு காரணம் நம் பழைய பழக்கத்தில் இருக்கிறது. நம்மில் பலர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போய், மேடு பள்ளம் ஏறி இறங்கி, பால் வாளி சுமந்த உடம்புக்குக் குவித்துப் போட்ட சோறு தேவைப்பட்டது. இன்று தோட்ட வேலை இல்லை. கை மட்டும் அதே அளவு சோற்றைத்தான் போடுகிறது. வயது ஏற ஏறத் தசையும் குறைவதால், உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. எனவே சோற்றின் அளவு குறைய வேண்டும். தசையைக் காக்கும் புரதம் குறையக் கூடாது.

தட்டைப் பிரிப்போம்: கால், கால், அரை

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு செபாரோ' முறை இதுதான். தட்டை மனதில் நான்காகப் பிரியுங்கள்.

- கால் பங்கு: சோறு, மீ, தோசை, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றில் ஒன்று. சோறு என்றால் மூடிய கையளவு.
- கால் பங்கு: மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌஃபூ, தெம்பே. மீன் துண்டு உள்ளங்கை அளவு.
- அரைப் பங்கு: காய்கறி, கீரை, பழம்.

நம் வாழை இலைச் சாப்பாட்டில் இவை எல்லாமே உண்டு. ஆனால் நடுவில் சோறு மலைபோல் இருக்கும், ஓரத்தில் காய்கறி கரண்டியளவே இருக்கும். அடுத்த முறை இலையில் முதலில் காய்கறியையும் கீரையையும் தாராளமாக வையுங்கள். மீனையோ பருப்பையோ அடுத்து வையுங்கள். மீதமுள்ள இடத்தில் சோற்றைப் போடுங்கள். இரண்டாம் முறை கேட்கத் தோன்றினால் காய்கறியைக் கேளுங்கள்.

பிடித்ததை எப்படிச் சாப்பிடலாம்?

*மீன் கறி:* மீனும் புளியும் மசாலாவும் உடலுக்கு ஏற்றவையே. கெட்டித் தேங்காய்ப் பாலில்தான் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். கெட்டிப் பாலைப் பாதியாகக் குறைத்து, தக்காளியும் வெங்காயமும் கூட்டி அரைத்து ஊற்றுங்கள். கறி கெட்டியாகவே இருக்கும். வாரத்தில் சில நாள் தேங்காய்ப் பால் இல்லாத புளிக் குழம்பு வைக்கலாம்.

*ரொட்டி சானாய்:* ஒரு ரொட்டியில் ஏறக்குறைய 300 கலோரி உண்டு. பசியாற தினமும் இரண்டு சாப்பிடுபவர் வாரத்தில் ஒரு நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கறியை 'பஞ்சிர்' ஆக ஊற்றச் சொல்லாமல், பருப்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்டுத் தொட்டுச் சாப்பிடுங்கள். மற்ற நாள்களில் எண்ணெய் குறைத்த தோசையோ இட்லியோ நல்லது.

*நாசி லெமாக்:* சிறிய பொட்டலம் ஒன்று போதும். அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் கூடுதலாகக் கேளுங்கள். பொரித்த கோழியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

*தே தாரிக்:* இனிப்புக் கெட்டிப் பாலின் எடையில் ஏறத்தாழ பாதி சீனிதான். கடையில் 'கூராங் மானிஸ்' என்று சொல்லிப் பழகுங்கள். நாக்கு பழகியதும் பால் கலக்காத 'தே ஓ கோசோங்' குடித்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் பான டின்கள் வாங்கி வந்தால், அதன் மேல் ஏ, பி, சி, டி என்ற தரக்குறியைப் பாருங்கள். அங்கு 2022 டிசம்பர் இறுதியிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. 'டி' என்றால் சீனியோ கொழுப்போ மிக அதிகம்.

*கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம்:* உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அது ஒரு தேக்கரண்டி. மலேசியர்கள் சராசரியாக ஏறத்தாழ 8 கிராம் சாப்பிடுகிறோம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். கருவாடு இருக்கும் நாளில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். குழம்பில் உப்பைக் குறைத்துப் புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி, கறிவேப்பிலையைக் கூட்டினால் ருசி குறையாது.

*தீபாவளி, திருமணப் பலகாரங்கள்:* வெறும் வயிற்றுடன் விருந்துக்குப் போகாதீர்கள். ஒரு பலகாரத்தைத் தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிடுங்கள். அன்று பானத்துக்குத் தண்ணீரே போதும்.

அளவுக்கு மீறிய பத்தியமும் ஆபத்து

சிலர் பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். காலையில் பிஸ்கட், மதியம் கஞ்சி, இரவு ரொட்டித் துண்டு என்று நாளை ஓட்டுகிறார்கள். இது நல்ல பத்தியம் ஆகாது. 2018-இல் மூத்தோரிடம் நடந்த தேசிய ஆய்வில் 7.3 விழுக்காட்டினர் ஊட்டச்சத்துக் குறைபாட்டுடன் இருந்தனர். மேலும் 23.5 விழுக்காட்டினர் அந்த நிலைக்கு வரக்கூடியவர்களாக இருந்தனர். சத்துக் குறைந்தால் தசை தளரும், கால் தடுமாறும், விழுந்தால் எழுவது கடினம்.

இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளை தவறினால் சீனி அளவு திடீரெனக் குறையலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது தண்ணீரில் 3 தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அளவு உயரவில்லை என்றால் மீண்டும் குடியுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

பல் இல்லாதவர்களும் புரதத்தை விட வேண்டாம். முட்டை, மசித்த பருப்பு, தௌஃபூ, முள் எடுத்த மீன் ஆகியவை மென்மையானவை. தனியாகச் சாப்பிடப் பிடிக்காதவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அண்டை வீட்டாரோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாம். கூட ஆள் இருந்தால் பசியும் எடுக்கும்.

சுத்தமாகச் சமைப்போம், சுத்தமாக வைப்போம்

நம் வட்டாரத்தில் பல பிள்ளைகள் இரண்டாம் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். காலை 5 மணிக்கு முன்பே சமைத்து, அடுப்பு மேல் மூடி வைத்துவிட்டுக் கிளம்பும் மருமகளின் அன்பு பெரியது. ஆனால் நம் ஊர்ச் சூட்டில் மதியம் ஒரு மணி வரை அந்தச் சோறும் தேங்காய்ப் பால் கறியும் வெளியில் இருந்தால் கிருமி பெருகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு கிருமிகளுக்கு மிகவும் பிடித்தது.

"திரும்பச் சுட வைத்தால் சரியாகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். வெளியில் கிடந்த சோற்றில் ஒரு வகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு, சுட வைத்தாலும் அழியாது. ஆகவே:

- சமைத்த உணவைச் சிறு சிறு டப்பாக்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.
- சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சுட வையுங்கள். மீந்ததை மீண்டும் சுட வைக்க வேண்டாம்.
- பச்சை மீன், இறைச்சி வெட்டும் பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும்.
- சமைக்குமுன்னும் சாப்பிடுமுன்னும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

தஞ்சோங் கூப்பாங், பெண்டாஸ் பக்கம் கிடைக்கும் கடலுணவு நம் ஊரின் பெருமை. கூப்பாங், மட்டி வாங்கும்போது ஓடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெந்த பிறகும் திறக்காததை எறிந்துவிடுங்கள். கடலில் செம்பாசி பெருகும் காலத்தில் சிப்பி வகைகளில் சேரும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. மீன்வளத் துறை எச்சரித்தால் அந்த நாள்களில் சிப்பி வேண்டாம். சாப்பிட்ட பின் உதடும் நாக்கும் மரத்துப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*கருப்பட்டி, தேன், குலா மலாக்கா சாப்பிடலாமா?*
இவையும் இரத்தச் சீனியை உயர்த்தும். சீனியைப் போலவே அளந்து சேருங்கள்.

*பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா?*
கூடாது. பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை மாற்றுவதோ நிறுத்துவதோ மருத்துவரின் முடிவு.

*கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' நல்லதா?*
அவற்றில் பலவற்றில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

*பழம் எவ்வளவு சாப்பிடலாம்?*
ஒரு வேளைக்குச் சிறிய வாழைப்பழம் ஒன்று அல்லது பப்பாளித் துண்டு ஒன்று. சாறாகப் பிழியாமல் முழுப் பழமாகச் சாப்பிடுங்கள். டுரியான் காலத்தில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சுளை. அன்று சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கீழ்க்கண்டவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஏழு நாள் செய்யுங்கள்.

1. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, கீரையில் ஒரு கரண்டியைக் கூட்டுவேன்.
2. தே தாரிக்கை 'கூராங் மானிஸ்' என்று கேட்பேன்.
3. காலையில் சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைப்பேன்.
4. இரவு உணவுக்குப் பின் 10 நிமிடம் நடப்பேன்.

என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அடுத்த சந்திப்பின்போது கெலாங் பாத்தா சுகாதார கிளினிக்குக் கொண்டு வாருங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த உணவு எது என்பதையும் மறைக்காமல் தாதியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் உங்கள் நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ற அளவை அவர்களால் சொல்ல முடியும்.