பழைய வீட்டுப் பட புரொஜெக்டர்: பார்த்து வாங்குவோம்!



தென்னாட்டில் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டுபோன முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஆக, நம்ம ஊர் சினிமா வரலாறே ஒரு செகண்ட் ஹேண்ட் மிஷினில்தான் தொடங்குகிறது! இன்று நாம் ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்? தியேட்டர் மிஷின் அல்ல; வீட்டுச் சுவரில் படம் காட்டும் 8 மி.மீ. புரொஜெக்டரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

"செல்போன் காலத்தில் இது எதுக்குப்பா?" என்று கேட்பீர்கள். மாமல்லபுரத்தில் என் தாத்தா கல் உளி வேலை பார்த்தவர். 1979-ல் அவர் பட்டறைக்கு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் படம் பிடித்துக்கொண்டு போய், பிறகு அந்த ரீலைத் தபாலில் அனுப்பி வைத்தார். தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை. பாட்டிக்கு ஒரு போட்டோகூட கிடையாது. அந்த ரீலில் இருக்கிறார் என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படிக்க வந்த முதல் ஆள் நான். "மிஷின் படிக்கிற பையன், நீதான் ஓட்டிக் காட்டணும்" என்கிறார் அப்பா.

இத்தகைய ரீல் பெரும்பாலும் ரிவர்சல் பிலிம். கேமராவில் ஓடிய அதே பிலிம்தான் கழுவிய பின் படமாகிறது. நெகட்டிவ் கிடையாது. கிழிந்தால் கிழிந்ததுதான்! ஆகவே புரொஜெக்டரின் அழகைப் பார்க்காமல், அது பிலிமைக் காப்பாற்றுமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

1. முதலில் ரீலைப் பாருங்கள்

8 மி.மீ.யில் இரண்டு வகை உண்டு. 1932-ல் வந்தது ஸ்டாண்டர்டு 8. அதன் ஓரத் துளை பெரியது, இரண்டு பிரேம்கள் சேரும் இடத்தில் இருக்கும். 1965-ல் வந்தது சூப்பர் 8. துளை சிறியது, பிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ஒன்றை மற்றதன் மிஷினில் ஓட்டினால் துளைகள் பிய்ந்துவிடும். இரண்டும் ஓட வேண்டுமென்றால் 'டூயல் 8' மாடல் கேளுங்கள். ரீலில் காடி வாடை அடித்தாலோ, பிலிம் சுருங்கி வளைந்திருந்தாலோ எந்த மிஷினிலும் போடாதீர்கள். ஸ்கேன் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது.

2. ஏன் பிந்தைய மாடல்?

பழைய மாடல்களில் பல, நேரடியாக மெயின்ஸ் வோல்ட்டேஜில் எரியும் 500 வாட் பல்பு கொண்டவை. சூடு அதிகம்; பல்பு கிடைப்பதும் அரிது. 1970-களின் மாடல்களில் 12 வோல்ட் 100 வாட் ஹாலஜன் பல்பு வந்தது. அதைச் சுற்றியுள்ள கண்ணாடி ஒளியை முன்னே திருப்பி, வெப்பத்தில் பெரும்பகுதியைப் பின்பக்கம் விட்டுவிடும். இந்தப் பல்பு இன்னும் கிடைக்கிறது. ஆனால் 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள்: 8 ஆம்பியருக்கு மேல்! பல்பு ஹோல்டர் கருகியோ தளர்ந்தோ இருந்தால் சூடேறும்.

பிந்தைய மாடலிலும் குறை உண்டு. பழசில் இரும்பும் பித்தளையும். புதுசில் பல இடங்களில் பிளாஸ்டிக் கியர். அது வருஷமானால் வெடிக்கும். ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஜப்பானின் எல்மோ, சாங்கியோ, சினான், ஆஸ்திரியாவின் யூமிக் எல்லாம் நல்ல பெயர்கள்தான். ஆனால் யூமிக் கம்பெனியே 1980-களின் தொடக்கத்தில் நொடித்துவிட்டது. பெயரை மட்டும் நம்பி வாங்கினால் கியருக்கு எங்கே போவது?

3. கரன்ட் விஷயம்

அமெரிக்க மிஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. சாதாரண ஏ.சி. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அதாவது நொடிக்கு 18 பிரேம் ஓட வேண்டியது 15 ஆகும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். சூப்பர் 8-ல் ஒரு அடிக்கு 72 பிரேம். 50 அடி ரீலுக்கு 3600. நொடிக்கு 18 என்றால் 3 நிமிஷம் 20 நொடியில் முடிய வேண்டும். 4 நிமிஷம் ஆனால் 15-ல் ஓடுகிறது என்று அர்த்தம். சில மாடல்களில் பெல்ட்டை வேறு புல்லிக்கு மாற்றினாலே சரியாகிவிடும். டி.சி. மோட்டார் மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

4. கடையில் செய்ய வேண்டியவை

(அ) பிலிம் போடாமல் ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். 'டக் டக்' என்று தாளம் தப்பினால் கியரைச் சந்தேகப்படுங்கள். முன்னே, பின்னே இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

(ஆ) பிலிம் போகும் கேட்டைத் திறந்து விரலால் தடவுங்கள். நம் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. துருவும், லென்ஸில் பூஞ்சையும் சகஜம். துரு இருந்தால் பிலிம் முழுக்கக் கோடு விழும்.

(இ) வேண்டாத பழைய பிலிம் ஒன்றை எடுத்துப் போங்கள். மூன்று முறை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

(ஈ) சிக்கினால் பாதியில் பிலிமை வெளியே எடுக்க வழி இருக்கிறதா? சில ஆட்டோமேட்டிக் மாடல்களில் எளிதில் எடுக்க முடியாது.

'டெஸ்ட் பண்ணியாச்சு சார்' என்றால் பல நேரம் பல்பு எரிகிறது என்று மட்டுமே பொருள்! பல்பு, பெல்ட், டிரான்ஸ்பார்மர் விலையையும் கூட்டித்தான் பேரம் பேச வேண்டும்.

நண்பர்களே! செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை எத்தனையோ வீட்டுப் பரணில் இப்படி ரீல்கள் தூங்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன்னால் துளையைப் பாருங்கள், வாடையைப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல மிஷின் வாங்கினால் நாற்பது வீட்டு ரீல் ஓட்டலாம். என் பங்குப் பணம் தயார். உங்கள் பங்கு?

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு