மலை மாநிலத்தின் இரு சுரங்கங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அப்பலாச்சிய மலைப்பகுதிக்குள் முழுமையும் அடங்கிய ஒரே மாநிலம் மேற்கு வர்ஜீனியா ஆகும். 1861இல் வர்ஜீனியா ஐக்கிய நாட்டினின்று பிரிந்தபோது அதன் மேற்குப்புற மலைநாட்டார் பலர் அதனை ஏற்கவில்லை. உள்நாட்டுப் போருக்கிடையே, 1863 ஜூன் 20ஆம் நாள் தனி மாநிலம் கண்டனர். மலைமக்கள் என்றும் தன்னுரிமையர் என்பது அம்மாநிலத்தின் குறிக்கோளுரை. ஆயினும் அங்கு அடிமைமுறை ஒழிந்தது 1865இல்தான்.

அம்மாநிலத்தின் புகழ்மிகு கதைப்பாடல் ஜான் ஹென்றியைப் பற்றியது. டால்காட் என்னும் சிற்றூரை அடுத்த பிக் பெண்ட் மலையில் 1870 முதல் 1872 வரை இருப்புப்பாதைச் சுரங்கம் குடையப்பட்டது. வெடிமருந்து இடுவதற்கான துளைகளைத் தொழிலாளர் சம்மட்டியால் உளியை அடித்தே இட்டனர். அவ்விடத்திற்கு நீராவித் துளைப்பொறி வந்ததாகவும், ஜான் ஹென்றி என்னும் கறுப்பினத் தொழிலாளி அதனோடு போட்டியிட்டு வென்று, கையிற் சம்மட்டியுடன் உயிர்நீத்ததாகவும் பாடல் கூறும். கை ஜான்சன், லூயி சாப்பெல் ஆகியோர் 1920களில் முதியோரை வினவி இக்கதையின் மெய்ம்மையை ஆராய்ந்தனர். ஸ்காட் நெல்சன் 2006இல் வெளியிட்ட நூலில், அவர் ரிச்மண்ட் சிறையினின்று வேலைக்கு அனுப்பப்பட்ட கைதி என்றும், போட்டி நிகழ்ந்த இடம் வர்ஜீனியாவின் லூயிஸ் சுரங்கம் என்றும் வாதிட்டார். இடம் எதுவாயினும், உடல் தேய உழைத்தோரின் நினைவே பாடலாயிற்று என்பது என் கருத்து. டால்காட்டில் 1972இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

இரண்டாம் சுரங்கத்திற்கு இத்தகைய புகழ் இல்லை. புது ஆற்றின் நீரை மின்னாற்றலுக்காகத் திருப்ப, காலி மலையினூடே ஏறத்தாழ 3 மைல் நீளத்திற்கு ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் 1930இல் தொடங்கப்பெற்றது. பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. வேலை தேடித் தென்மாநிலங்களினின்று வந்த கறுப்பினத்தாரே உள்ளே இறங்கியோரிற் பெரும்பாலோர். மலையின் பாறையோ சிலிக்கா மிகுந்தது. நீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசு அடங்கும். வேலை விரைவு கருதி உலர்வாகவே துளையிட்டனர். முகமூடியும் தரப்படவில்லை. நுண்தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயால் பலர் மாண்டனர்.

எத்தனை பேர்? நிறுவனத்தார் ஒப்புக்கொண்டது 109. 1936இல் காங்கிரசின் துணைக்குழு நடத்திய விசாரணையில் கூறப்பட்டது 476. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986இல் கணித்தது 764. கணக்கே இவ்வாறு வேறுபடுமாயின் பெயர்களின் கதி என்ன? அவ்விசாரணைச் சான்றுகளைக் கவிதையாக்கியவர் முரியல் ருகைசர். அத்தொடர் 1938இல் வெளிவந்தது. இதனை எழுத்துக்கவிஞர் ஒருவர் பாட நேர்ந்தது நோக்கற்பாலது.

மாண்டோரிற் சிலர் சம்மர்ஸ்வில் அருகே வயலொன்றிற் புதைக்கப்பட்டனர். நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது அவ்வெலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு வேறிடத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அங்கு நினைவிடம் அமைந்தது 2012இல்.