மழைக்கு முன் வீட்டுக் குழாய்களைச் செப்பனிடுதல்

ஐப்பசி பிறந்ததும் நம் உத்திரமேரூர் வட்டாரத்தில் உழவர்கள் ஏரிக்கரையையும் மதகையும் பார்த்து வருவார்கள். நெசவாளர்கள் தறிவீட்டின் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டும் தேவையான காரியங்களே. ஆனால் வாசலில் மண்ணுக்குள் ஓடும் குடிநீர்க் குழாயைக் குனிந்து பார்ப்பவர் நம்மில் மிகச் சிலர். இம்மாதப் பாடம் அக்குழாயைப் பற்றியது.

குளிர் மிகுந்த தேசங்களில் மாரிக்காலம் வருமுன் மக்கள் தம் வீட்டுக் குழாய்களுக்குத் துணியும் பஞ்சும் சுற்றிப் போர்வை போடுவார்கள். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் பெருகும்; பெருகிய கட்டி குழாயைப் பிளந்துவிடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எதிர்பாராத கடுங்குளிர் வந்தபோது எண்ணற்ற வீடுகளில் இவ்வாறு குழாய்கள் வெடித்தன. நம் மார்கழிப் பனி அவ்வளவு கொடியதன்று. நமக்குள்ள ஆபத்து இதற்கு நேர்மாறானது. அங்கே உள்ளிருக்கும் நீர் குழாயை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது; இங்கே வெளியிலுள்ள அழுக்கு நீர் ஓசையின்றிக் குழாய்க்குள் புகுகிறது.

அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அங்கத்தினர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து நாள் முழுவதும் நீர் விடுவதில்லை. குறித்த வேளையில் சிறிது நேரமே விடுகிறார்கள். நீர் ஓடும்போது குழாயினுள் அழுத்தம் உண்டு. அப்பொழுது குழாயில் விரிசல் இருந்தால் நல்ல நீர் வெளியே கசியும். நட்டம் நீரோடு போய்விடும். நீரை நிறுத்தியபின் குழாயில் மிஞ்சிய நீர் தாழ்ந்த பக்கத்து வீடுகளின் வழியே வடிகிறது. வடியும் நீர் தனக்குப் பின்னால் வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அந்த வெற்றிடம் விரிசலின் வழியே வெளியிலுள்ளதை உறிஞ்சும். கோடையில் வெளியே இருப்பது காற்றும் காய்ந்த மண்ணும். மழைக்காலத்தில் அதே இடத்தில் சாக்கடை நீர் தேங்கி நிற்கிறது. ஆகவே கோடை முழுதும் ஒரு தீங்கும் செய்யாத விரிசல், முதற் பெருமழையன்று நஞ்சுவாயாகிவிடுகிறது.

இதை நாம் ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. நம் வீட்டுக் குழாய் தெருச் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் ஓர் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. நீர்தானே வீணாகிறது, அடுத்த கூலி வந்ததும் பார்க்கலாம் என்று பத்து நாட்கள் விட்டுவைத்தோம். கார்த்திகையில் அடைமழை பிடித்தது. சாக்கடை நிரம்பி இணைப்பை மூழ்கடித்தது. மூன்றாம் நாள் காலையில் பிடித்த நீரில் இலேசான நாற்றம் இருந்தது. மழைநீரின் வாடை என்று எண்ணி அதையே அடுக்களையில் புழங்கினோம். வீட்டின் இளைய குழந்தைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு கண்டு ஐந்து நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அவ்வளவு நாளும் தறி நின்றது. அந்த இணைப்பை மாற்ற ஆன செலவு, ஒரு வேளைக் காய்கறிச் செலவைவிடக் குறைவு.

ஆகையால் முதல் வேலை, தெருக்குழாயிலிருந்து நம் வீட்டுக்கு வரும் கிளைக்குழாய் சாக்கடையை எங்கே கடக்கிறது என்று பார்ப்பது. சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடந்தால் அதை மேலே தூக்கிக் கடத்த வேண்டும். கடக்கும் பகுதியில் இணைப்பே இல்லாதபடி ஒரே நீளக் குழாயாகப் போடுவது நலம். வெயில் படும் இடத்தில் பல ஆண்டுகள் கிடந்த பி.வி.சி. குழாய் வெளிறி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். அதற்குப் பசை தடவி ஒட்டுப்போடுவதைக் காட்டிலும் துண்டையே மாற்றிவிடலாம். சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுவது செப்பனிடுதல் ஆகாது. அது நீர் வெளிவருவதைச் சிறிது தடுக்குமேயன்றி, உறிஞ்சும்போது அழுக்கு புகுவதைத் தடுக்காது.

இரண்டாவது, தெருக்குழாயில் நேராக மின்மோட்டாரைப் பொருத்தி இழுப்பது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் உண்டாகும். ஆயினும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஒரு வீட்டார் மோட்டார் வைத்து இழுக்கும்போது அத்தெருவின் குழாய் முழுவதிலும் அழுத்தம் குன்றுகிறது. மற்றவர்க்கு நீர் குறைவது ஒரு தீங்கு. எவர் வீட்டு விரிசலில் உள்ள சாக்கடை நீரும் இழுக்கப்பட்டு யார் குடத்திலும் வந்து விழக்கூடும் என்பது அதனினும் பெரிய தீங்கு.

மூன்றாவது, நம் சங்கத்தைச் சேர்ந்த நெசவாளருக்கும் உழவருக்கும் சிறப்பாக உரியது. சாயமிடும் வீடுகளில் இரப்பர்க் குழாயின் நுனியைச் சாயத்தொட்டிக்குள் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது வழக்கம். தோட்டத்தில் பூச்சிமருந்து கலக்கும் டிரம்மை நிரப்பும்போதும் அவ்வாறே செய்கிறோம். நீர் சட்டென்று நின்றால், அமிழ்ந்திருக்கும் நுனி வழியாகத் தொட்டியிலுள்ள சாயமோ மருந்தோ குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி ஏறிவிடும். இதைத் தடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. குழாயின் நுனி எப்பொழுதும் தொட்டியின் விளிம்புக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில் நிற்குமாறு ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள். மாட்டுத்தொட்டிக்கும் இதுவே விதி. நீர் விட்டவுடன் வரும் முதல் நீரைக் குடத்தில் பிடியாமல் செடிகொடிகளுக்கு விட்டுவிடுவதும் நல்ல பழக்கம்.

கூரையிலிருந்து இறங்கும் நீரைப் பற்றியும் ஒரு கணக்குப் பார்ப்போம். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள தளத்தின்மீது ஒரே நாளில் 10 செண்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 5,500 லிட்டர் நீர் இறங்குகிறது. குடம் ஒன்றுக்கு 15 லிட்டராக 360 குடங்களுக்கு மேல். 2015 டிசம்பர் முதல் தேதியின் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் பதிவானதை நாம் மறந்திருக்க மாட்டோம். இவ்வளவு நீரும் தறிவீட்டுச் சுவரின் அடியில் விழுந்தால் குழித்தறியின் குழியில் ஊற்றெடுக்கும். நெசவாளர் கால் நனைவதோடு போகாது. பாவு ஈரம் ஏறி, மிதிகட்டைகள் ஊறி, குழி காயும்வரை வேலை நிற்கும். ஆதலின் இறக்குகுழாயைத் தறிக்குழி இல்லாத பக்கம் திருப்பி, சுவரிலிருந்து பல அடி விலக்கி விடுக. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது கட்டிய தொட்டிகள் பல இப்போது மண்மூடிக் கிடக்கின்றன. அவற்றின் மணலையும் சல்லியையும் எடுத்துக் கழுவிப் போட்டால் இந்நீரே கோடைக்கு உதவும். வடிகட்டாத கூரைநீரைத் திறந்த கிணற்றில் நேராக விடுதல் கூடாது.

கிணறு உள்ளவர்கள் அதைச் சுற்றிப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இரண்டரை அடி உயரமும், சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிந்த சிமெண்டுத் தளமும் இருக்க வேண்டும். மலக்குழியும் உறிஞ்சுகுழியும் கிணற்றிலிருந்து 50 அடியேனும் தள்ளி இருத்தல் வேண்டும். 1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அத்தெருக் கைப்பம்பின் நீரே காரணம் என்று கண்டு அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மிக அண்மையில் சிதைந்த மலக்குழி ஒன்று இருந்தது தெரியவந்தது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து வருவதால் இவ்விரண்டின் இடைவெளி மேலும் சுருங்கிவிடுகிறது.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் மழைக்கு முன்பே லாரி கொண்டு அகற்றிவிடுங்கள். நிலம் ஊறியபின் காலியாக்கினால் இலேசான தொட்டிகள் மண்ணைவிட்டு மேலெழும்பக்கூடும். எக்காரணம் கொண்டும் மனிதரை அதற்குள் இறக்கலாகாது. அதிலுள்ள நச்சுவாயு நொடியில் உயிரைக் கொள்ளும். 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடுத்துள்ளது.

பத்தாம் நூற்றாண்டில் நம் ஊர்ச்சபை நீரை எவ்வாறு காத்தது என்பதற்குச் சான்று சபை மண்டபச் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேர்ந்தெடுத்து 360 நாட்கள் பணியில் அமர்த்தியதைக் கூறுகின்றன. இன்று தெருக்குழாய்க்கு அத்தகைய வாரியம் இல்லை. தெருவுக்கு இருவர் அங்கத்தினர் முன்வந்து, நீர் விடும் வேளையில் ஒருமுறை நடந்து பார்த்து, கசியும் இடங்களை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தால் போதுமானது. வீட்டுக் குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு; அதைச் சோதிக்கும் சிறுபெட்டியைக் கொண்டு தம் தெருவில் சோதித்துக் காட்டும்படியும் அவ்விருவர் கேட்கலாம்.

கடைசியாக, வெள்ளநீர் கிணற்றில் புகுந்துவிட்டால் செய்யவேண்டியது. முதலில் மின்மோட்டாரைத் தொடாதீர்கள். நனைந்த மோட்டாரை மின்பணியாளர் சோதித்த பின்பே இயக்க வேண்டும். கலங்கல் நீரை இறைத்து வெளியேற்றி, புது ஊற்று வந்தபின் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் இடுக. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் வேண்டும். நீர் மிகக் கெட்டிருந்தால் அளவு கூடும். சுகாதார ஆய்வாளரைக் கேட்டறிக. தூளை அப்படியே கொட்டாமல் வாளியில் குழைத்து நீர் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல்நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குக. இரவில் இதைச் செய்துவிட்டால் காலையில் நீர் எடுக்கலாம்.

பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் பட்டால் வலுவிழக்கும். இறுக மூடிய பாத்திரத்தில் இருட்டில் வைக்க வேண்டும். ஆனால் தறிவீட்டில் மட்டும் வைக்காதீர்கள். அதன் காரம் பட்டுநூலைக் கெடுக்கும், சரிகையும் மங்கும்.