எந்த மெமரி ஜெயிக்கிறது? கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு

மெமரிச் சந்தையைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஒரே சண்டையிலிருந்துதான்: 1999 முதல் 2003 வரை ராம்பஸ் நிறுவனத்தின் ஆர்டிரேமும் டிடிஆரும் மோதியது. பழங்கதைதான். ஆனால் முடிவு தெரிந்த கதையில்தான் எந்த அறிகுறி நிஜம் பேசியது என்று சரிபார்க்க முடியும்.

1. வேகத்தைக் கடைசியில் பாருங்கள். பிசி800 ஆர்டிரேம் நொடிக்கு 1.6 ஜிகாபைட் தந்தது. டிடிஆருக்கு முந்தைய பிசி133 எஸ்டிரேம் ஒரு ஜிகாபைட் சொச்சம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆர்டிரேம் தோற்றிருக்கவே கூடாது.

2. சிப்செட்டை முதலில் பாருங்கள். எந்த மெமரி என்பதை முடிவு செய்வது வாங்குகிறவர் அல்ல, மதர்போர்டில் இருக்கும் ஸ்லாட். இன்டெல் 1996-லேயே ராம்பஸோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஆனால் ஆர்டிரேமுக்கான 820 சிப்செட், மூன்றாவது ஸ்லாட்டில் வந்த சிக்கலால் தள்ளிப்போய் 1999 நவம்பரில்தான் வந்தது. ஆர்டிரேம் விலை கட்டுப்படியாகாதவர்கள் எஸ்டிரேம் போட்டுக்கொள்ள ஓர் இடைச்சிப்பு கொடுத்தார்கள். 2000 மே மாதம் அதிலும் பழுது என்று போர்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அக்டோபரில் ஏஎம்டி டிடிஆர் சிப்செட்டோடு வந்து நின்றது. அடுத்த ஆண்டு தைவானின் வியா, பெண்டியம் 4-க்கே டிடிஆர் சிப்செட் விற்றது. இன்டெல் வழக்குப் போட்டது. அதே 2001 செப்டம்பரில் இன்டெலே தன் 845 சிப்செட்டில் எஸ்டிரேமுக்கு இறங்கி வந்தது, 2002 தொடக்கத்தில் டிடிஆருக்கு. என்னைக் கேட்டால், 845 வந்த அன்றே சண்டை முடிந்துவிட்டது. விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது பிறகுதான் தெரிந்திருக்கும்.

3. யாராவது ஒரு சதவீதத்தை நீட்டினால், எதில் சதவீதம் என்று கேளுங்கள். பணத்திலா, பிட்டிலா, மாட்யூல் எண்ணிக்கையிலா? விலை அதிகமான சரக்கு பணக்கணக்கில் பெரிதாகத் தெரியும். அது எங்கே போனது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு பிளேஸ்டேஷன் 2-இலும் 32 மெகாபைட் ஆர்டிரேம் இருந்தது. கோடிக்கணக்கில் விற்ற அந்தப் பெட்டியையும் சேர்த்து எண்ணினால், பிசியில் நடந்த சரிவு மறைந்துபோகும்.

4. இலவசத்தைக் கழித்துவிடுங்கள். பெண்டியம் 4 வந்த புதிதில், கடையில் விற்கும் பிராசசர் பெட்டியோடு ஆர்டிரேமையும் சேர்த்தே கொடுத்தது இன்டெல். சீர்வரிசையாக வந்ததைத் தேவை என்று எழுதக் கூடாது.

5. விலை நல்ல சாட்சி. ஸ்பாட் விலையையும் ஒப்பந்த விலையையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். முதலாவது வியாபாரிகளின் படபடப்பு, இரண்டாவது பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்கள் நிஜமாகக் கொடுக்கும் காசு. ஆனாலும் சாட்சியைக் கலைக்க முடியும். 1999-2002 காலத்தில் டிரேம் விலையைக் கூடிப் பேசி வைத்ததாக சாம்சங், ஹைனிக்ஸ், இன்ஃபினியன், எல்பிடா நான்கும் பின்னர் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டன; சாம்சங் கட்டிய அபராதம் மட்டும் 30 கோடி டாலர். நாம் அலசும் அதே ஆண்டுகள்! ஆர்டிரேமை ஒழிக்கச் சதி நடந்தது என்று ராம்பஸ் தொடுத்த வழக்கு 2011-ல் சான்பிரான்சிஸ்கோ ஜூரியிடம் தோற்றது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

6. தரநிலை வெளியான தேதியை வரைபடத்தின் தொடக்கமாக வைக்காதீர்கள். மெமரித் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு டிடிஆர்5-ஐ அறிவித்தது 2020 ஜூலையில்; மேசைக் கணினிக்கு அது வந்தது 2021 நவம்பரில், இன்டெலின் 12-ஆம் தலைமுறையோடு. அந்தப் பிராசசர் டிடிஆர்4-ஐயும் ஏற்றுக்கொண்டது. இப்படி இரண்டும் நடக்கும் காலம்தான் நமக்கு அறுவடை: ஒரே பிராசசருக்கு இரண்டு வகை போர்டு இருக்கும்போது, ஜனம் எதை எடுக்கிறது என்று எண்ணிவிடலாம். 2022-ல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும்; அங்கே எண்ணுவதால் விருப்பம் தெரியாது.

7. பங்கு விலையைத் தொழில்நுட்பத்தின் நாடியாகப் பிடிக்காதீர்கள். 2000-ல் தோஷிபாவும் ஹிட்டாச்சியும் எஸ்டிரேமுக்கும் டிடிஆருக்குமே ராம்பஸுக்கு உரிமத்தொகை தர ஒப்புக்கொண்டன. அதாவது எதிராளியின் சரக்கு விற்றாலும் ராம்பஸுக்கு வரவு. ஆர்டிரேம் பிசியிலிருந்து போய் எத்தனையோ காலமாகிவிட்டது; ராம்பஸ் இன்று சர்வர்களின் டிடிஆர்5 மாட்யூல்களுக்குச் சிப்பு விற்றுக்கொண்டிருக்கிறது.