பேத்தை மீனுக்கு வாளியில் வளரும் விருந்து

கேள்வி: எங்கள் தொட்டியில் உள்ள குட்டிப் பேத்தை மீன்கள் குருணைத் தீவனத்தைத் தொடுவதே இல்லை. வீட்டிலேயே நத்தை வளர்த்துப் போடலாமா?

பதில்: தாராளமாக! பம்பை ஆற்று மீன்களைக் கொண்டு 1941-இல் ஹோராவும் நாயரும் அறிவியலுக்கு அறிமுகம் செய்த மலபார் பேத்தை, சுமார் 3 சென்டிமீட்டர் நீளமே உள்ள வேட்டைக்கார மீன். அசையாத குருணையைப் பெரும்பாலும் அது இரையாகவே மதிக்காது. பேத்தை இனங்களின் நான்கு பற்களும் அலகுபோல் இணைந்து, வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமான ஓட்டைக் கடித்தால்தான் அவை தேயும்.

தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன் நத்தைதான் வளர்க்க எளிது. ஒவ்வொன்றும் இருபாலி; கூழ் போன்ற பொதிகளில் முட்டையிடும். 10 லிட்டர் வாளி, வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு போதும். மென்னீரில் ஓடு மெலியும் என்பதால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையில் ஒரு துண்டைப் போட்டுவைக்க வேண்டும். மிச்ச உணவை அன்றே எடுத்துவிடுவது முக்கியம். அழுகினால் பண்ணையே போய்விடும். கூட்டம் பெருகும்வரை எடுக்க அவசரப்படக் கூடாது.

கூம்பாக நீண்ட ட்ரம்பெட் நத்தை வேண்டாம், அதன் தடித்த ஓடு பல்லை உடைக்கலாம். வயல் நத்தையோடு ஒட்டுண்ணிகள் வரும். செம்பு கலந்த மீன் மருந்தோ நத்தைகளைக் கொன்றுவிடும்.